வாளியை முகரச் சொல்பவர்

ஊரில் கண்டதையெல்லாம் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. தேய்த்துத் தேய்த்துக் கழுவுபவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே ஆள் செய்தால் அவரை என்னவென்று சொல்வது? வாளி மீட்பர் என்று சொல்லிவிடலாம். செக் நாட்டில், அதிலும் மொராவியா பக்கம், ஒவ்வொரு அடுக்குமாடியிலும் இப்படி ஒருவராவது இருப்பார். அடையாளம் காண்பது சுலபம். அவர் வீட்டு வாசலில் நீங்கள் ஒரு காலின் செருப்பைக் கழற்றி, மறு காலின் செருப்புக்குக் குனிவதற்குள், வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி ஒன்றை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, "கொஞ்சம் முகர்ந்து பாருங்க" என்பார். வணக்கமெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஓலோமோட்ஸ் நகரத்தின் ஓரத்தில் குடியிருக்கும் ராடிம் இந்த இனத்தின் உத்தமமான மாதிரி. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் பீர் காய்ச்சுகிறார். அதில் தப்பொன்றும் இல்லை. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி, ஒரு வாளியில் ஊற்றி மூடிவிட்டால் மிச்ச வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். வில்லங்கம் வாளியில்தான். கடையில் புது வாளி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ராடிம் வாங்க மாட்டார். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், கொள்கை. தெருமுனை பீர்க்கடைச் சமையல்காரி சும்மா கொடுக்கும் வாளி இருக்கையில், கடைக்குப் போய் வாளி வாங்குவதென்பது அவரைப் பொறுத்தவரை கையாலாகாதவன் செய்கிற காரியம்.

சும்மா கொடுக்கும் அந்த வாளியில் முன்பு என்ன இருந்தது? ஹெர்ரிங் மீன். வினிகரிலும் வெங்காயத்திலும் மாதக்கணக்கில் ஊறிக் கிடந்த மீன்.

அதனாலென்ன என்பார் ராடிம். முதலில் வெந்நீரும் சோப்பும், பிறகு ஒரு வாரம் சோடா உப்புக் கரைசல், பிறகு பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து மூடி வைப்பது, பிறகு காபிச் சக்கை, பிறகு கரித்தூள், பிறகு பால்கனி வெயிலில் அணிவகுப்பு, எதற்கும் மசியாத முரட்டு வாளி என்றால், மொராவியாக்காரர்கள் பல்வலியிலிருந்து மனவலி வரை எல்லாவற்றுக்கும் கொடுக்கும் பிளம் சாராயத்தை ஊற்றி ஒரு குலுக்கு. குலுக்கிய சாராயத்தைக் கீழே கொட்ட மனம் வருமா? வராது. குடித்துவிடுவார். அதற்கப்புறம் முகர்ந்து பார்த்தால் வாளி மணக்கும் என்பதில் ஆச்சரியமில்லை.

வாளியை விட்டுத்தள்ளு, மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தில்தான் நாற்றமெல்லாம் குடியிருக்கிறது, அதைக் கழற்றி எறி என்று அவர் மனைவி லிபுஷெ சொல்லிப் பார்த்துவிட்டார். ஈஸ்ட் விஷயம் உனக்கு என்ன தெரியும் என்று பதில் வந்தது. லிபுஷெ ஈஸ்ட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆக, நாற்றம் போய்விட்டதா? ராடிமைக் கேட்டால் போய்விட்டது. அவருடைய மூக்கும் அதற்கு சாட்சி. ராத்திரி பகலாக அந்த வாளிகளோடு குடித்தனம் நடத்தும் மூக்கு வேறு என்ன சொல்லும்? இது போதாதென்று வெளிச் சாட்சிகளும் உண்டு. லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர், மேல்மாடி ஆசிரியை, பார்சல் கொண்டுவந்த பையன் என்று யாரும் தப்பவில்லை. அடுத்தவர் வீட்டில், அவர் பிடித்திருக்கும் வாளிக்குள் தலையை விட்டுவிட்டு, நாறுகிறது என்று சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது? எல்லோரும் ஒன்றும் தெரியவில்லை என்றே சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாளிகள் குடியிருந்தது குளியல் தொட்டியில். லிபுஷெ நகராட்சி நீச்சல் குளத்துக்குச் சந்தா கட்டி, நீந்தத் தெரியாமலே தினமும் போய்க் குளித்துவிட்டு வந்தார். பொறுமைக்கும் ஓர் அளவு உண்டல்லவா? மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பெண்ணின் பெற்றோர் முதன்முதலாக விருந்துக்கு வருவதாக இருந்த வாரத்தில் அந்த அளவு முடிந்தது.

"ஞாயித்துக்கிழமை சம்பந்திக்கு உன் பீரைக் குடு. அவரு நல்லா இருக்குன்னு சொன்னா வாளி இருக்கட்டும், நான் வாயே திறக்கல. மூக்கைச் சுளிச்சாருன்னா, அத்தனையும் கீழ பிளாஸ்டிக் குப்பைத் தொட்டிக்குப் போயிடும்."

ராடிம் சரி என்றுவிட்டார். ஆனால் வாளி போனால் பீரும் போச்சு. பீர் போனால் ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநருக்கு என்ன மிச்சம்? அந்த வாரம் அவருக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சம்பந்தி ஒதாகர் அடர்ந்த மீசைக்காரர், பேச்சில் சிக்கனமானவர். வறுத்த வாத்தும் மாவுருண்டையும் மேசைக்கு வந்தன, கூடவே பீரும். அவர் ஒரு வாய் குடித்தார். மீசையைத் துடைத்தார். யாரும் முள்கரண்டியைத் தொடவில்லை.

"குடிக்கலாம்," என்றார்.

இந்த நாட்டில் ஒரு பீருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ராடிமுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த வேகத்தில் சம்பந்தியைக் கையோடு குளியலறைக்கு இழுத்துப் போய் ஒரு வாளியைத் தூக்கி நீட்டினார். ஒதாகர் தலையை உள்ளே விட்டார். வெளியே எடுக்கச் சற்று நேரமானது. கண்கள் கலங்கியிருந்தன. ஒன்றும் தெரியவில்லையே என்றார். லிபுஷெ கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். வாளிகள் தொட்டியிலேயே இருந்தன.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறு ஒதாகர் ஒரு பெரிய நீலநிற பிளாஸ்டிக் பீப்பாயை மூச்சிரைக்க மாடிக்குச் சுமந்து வந்தார். அவர் வீட்டில் வருஷா வருஷம் முட்டைக்கோஸ் புளிக்க வைத்த பீப்பாய் அது.

"உங்களுக்குன்னு நானே தேய்ச்சுக் கழுவினேன். வாடையே இல்ல. முகர்ந்து பாருங்க சம்பந்தி."

ராடிம் தலையை உள்ளே விட்டார். குப்பென்று அடித்தது. அழுகிய முட்டைக்கோஸ், சீரகம், நிலவறை ஈரம் எல்லாம் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அந்த இருட்டுக்குள்ளேயே, ஒதாகரின் கண்கள் போன வாரம் ஏன் கலங்கின, லிஃப்ட்காரர் ஏன் அன்று லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினார் என்பதெல்லாம் அவருக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது. ஆனால் வெளியே சம்பந்தி குழந்தைபோல ஆவலோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் தெரியலையே," என்றார் ராடிம்.

விருந்தாளிகள் போனதும் லிபுஷெ மெதுவாகக் கேட்டார். "உண்மையைச் சொல்லு. நாறுதா?"

"நாறுது."

"அப்ப உன் வாளி?"

மறுநாள் காலை ராடிம், யாரும் சொல்லாமலே, வாளிகளை இரண்டிரண்டாகக் கீழே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். லிபுஷெவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

குளியல் தொட்டி காலியாயிற்றா? எங்கே ஆயிற்று. சம்பந்தி கொடுத்த பரிசைக் கல்யாணத்துக்கு முன்னால் குப்பையில் போட முடியுமா? அவ்வளவு பெரிய பீப்பாய்க்கு வீட்டில் வேறு இடமும் கிடையாது. லிபுஷெ நீச்சல் குளச் சந்தாவைப் புதுப்பித்தார். ராடிம் பீப்பாய் நிறைய சோடா உப்பைக் கரைத்தார், காகிதம் திணித்தார், சாராயம் குலுக்கினார். சில வாரங்கள் கழித்து ஒருநாள் உள்ளே தலையை விட்டுப் பார்த்தவர், மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார். நாற்றம் போய்விட்டதாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுக் குளியலறையில் இருப்பது பிரியாணி வந்த வாளிதானே? ஊறுகாய் இருந்த டப்பாவில்தானே இப்போது சர்க்கரை இருக்கிறது? நன்றாகக் கழுவிவிட்டேன் என்பீர்கள். கழுவியிருப்பீர்கள், அதில் சந்தேகமில்லை. போன வாரம் உங்கள் வீட்டில் காபி குடித்த விருந்தாளி, நன்றாக இருக்கிறது என்று சொன்னாரே, அப்போது அவர் கண்களைப் பார்த்தீர்களா?