வாழைமரம் கட்டிய கோல் போஸ்ட்

வரவேற்பு என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு அறிவு வேலை செய்யாது. வருபவர் எதற்கு வருகிறார் என்பதை மறந்து, அவர் கழுத்தில் எதைப் போடலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவோம். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. அப்படியொரு கும்பலுக்குத் தலைமை தாங்கிய மடையன் நான்தான்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். தண்டையார்பேட்டை குடோன்களுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில்தான் எங்கள் கால்பந்து கிளப் ஆடிவந்தது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகளும் அங்கேயே வந்து நிற்கும். இடத்தை அவர்களும் கேட்டார்கள், நாங்களும் கேட்டோம். அங்கே உண்மையிலேயே பந்து ஆடுகிறார்களா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவர் தலையாட்டிவிட்டால் மைதானம் எங்களுக்கு.

கிளப்பில் பட்டதாரி நான் ஒருவன்தான் (தபாலில் படித்தது, யாரும் கேட்கவில்லை). அதனால் செயலாளர். "பெரிய மனுசன் வராரு, ஒரு மரியாத வேணாமா?" என்றேன்.

கேப்டன் டில்லி எனக்குச் சளைத்தவன் அல்ல. "பந்தல் போட்டுர்லாம் மாமு. மோளம் நான் சொல்லிக்கிறேன். ஏரியாவே அதிரணும்!"

பந்தல் மைதானம் முழுவதையும் விழுங்கியது. நடுவட்டத்தில் மேடை. வாழைமரம் கட்டக் கம்பம் போதவில்லை. கோல் போஸ்ட்டைப் பிடுங்கி வாசலில் நட்டோம். (இதுவும் என் யோசனைதான். அன்று எல்லாரும் கைதட்டினார்கள்.) ஆட்டக்காரர்கள் பட்டுவேட்டியில் வரிசையாக நின்றார்கள். பந்து, சந்தனம் குங்குமத்துடன் தாம்பாளத்தில் வீற்றிருந்தது.

லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, பொண்ணு எந்த ஊரு?"

அதிகாரி வந்தார். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"கிரவுண்டு எங்கப்பா?"

"இதான் சார். பந்தலுக்குக் கீழ."

"கோல் போஸ்ட்?"

"நீங்க உள்ள வந்ததே அது வழியாத்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "சரி, கொஞ்சம் ஆடிக் காட்டுங்க."

டில்லி வேட்டியை மடித்துக் கட்டினான். எங்கும் நாற்காலி, உதைக்க மேலேதான் இடமிருந்தது. உதைத்தான். பந்து பந்தல் துணிக்குள் போய்ச் செருகிக்கொண்டது. அத்தனை பட்டுவேட்டிகளும் அண்ணாந்து பார்த்தன. மேளக்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளம் கொட்டினார்.

"இடம் நல்லாத்தான் இருக்கு," என்றார் அதிகாரி, புறப்படும்போது. "விசேஷத்துக்கு."

அப்படியே ஆயிற்று. லாரிகளையும் விரட்டினார்கள், எங்களையும் விரட்டினார்கள். பொது நிகழ்ச்சித் திடல் என்று பலகை மாட்டினார்கள். டில்லிக்கு அங்கேதான் கல்யாணம் நடந்தது. கிளப் அந்தப் பந்தியோடு கலைந்தது.

இன்று என் மகள் கால்பந்து ஆடுகிறாள். பக்கத்தில் மைதானம் இல்லாததால் ஷேர் ஆட்டோவில் எம்.கே.பி. நகர் வரை போகிறாள். அவள் திரும்பும்வரை நான் தெருமுனையில் நின்று, வருகிற ஆட்டோவுக்குள் எல்லாம் தலையை விட்டுப் பார்த்துத் திட்டு வாங்குகிறேன்.

போன வாரம், வெளியூர்ப் போட்டிக்கு அவளை அனுப்பச் சம்மதம் கேட்டு அவளுடைய கோச் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

"ஏய், உங்கப்பாவப் புடிடீ!" என்று சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

மகள் என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "நீ சும்மா குந்து நைனா. அவரு வந்த வேலையப் பாத்துட்டுப் போவட்டும்."