சடையாண்டி இயற்கை எய்திய கதை

ஒரு காட்டில், பட்டா போட்டு விற்றது போக மிச்சமிருந்த காட்டில், சடையாண்டி என்றொரு முள்ளம்பன்றி ஒன்றரை ஏக்கரில் சோளம் போட்டுவந்தது.

பிறந்ததிலிருந்து அது பயிருக்குப் பூச்சிமருந்து அடித்ததில்லை. கொள்கை எல்லாம் ஒன்றும் இல்லை. ஒரு தடவை வாடகை டேங்கை முதுகில் மாட்டிப் பார்த்தது. மருந்து ஊற்றுவதற்கு முன்பே டேங்கில் ஒன்பது ஓட்டை. கடைக்கார நரி பிடுங்கிக்கொண்டு போனதோடு சரி.

வருஷா வருஷம் மார்கழியில் வெளிநாட்டிலிருந்து சோளப்பட்சிகள் கூட்டமாக வந்திறங்கும். மாசியில் அறுவடை முடிந்ததும் சடையாண்டியின் சோளத்தைக் கொத்திப் பார்த்து, "ஆகா" என்று சொல்லி, மொத்தமாக வாங்கிக்கொள்ளும். இந்த வருஷம் கொத்தவில்லை. கூட்டத்தின் தலைவி களத்தில் இறங்கிக் குவியலை ஒரு சுற்றுச் சுற்றி, "சர்டிபிகேட் இருக்கா?" என்றது.

"எதுக்கும்மா?"

"இயற்கையா விளைஞ்சதுன்னு."

"நீயே கொத்திப் பாரேன்."

"ருசி பாக்குறதை எல்லாம் விட்டாச்சு. பேப்பர் இருந்தாத்தான் எங்க வயித்துக்குச் செரிக்குது. இன்னும் எட்டு நாள்ல ஊருக்குப் பறக்குறோம். அதுக்குள்ள காட்டினா உன் சோளம். இல்லேன்னா கொம்பையா சோளம்."

கொம்பையா பக்கத்து வயல் குரங்கு. அது மருந்தடிக்கிற அன்றைக்கு ஈ எறும்புகூட வீட்டை விட்டு வெளியே வராது. அதன் வாசலில்தான் இயற்கைச் சான்றிதழ் லேமினேஷன் பண்ணித் தொங்கியது.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது கொம்பையா. முதுகில் டேங்க் தளும்பியது.

"நீ எப்படிய்யா சர்டிபிகேட் வாங்கினே?"

"வேப்பம் புண்ணாக்கு வாங்கின ரசீது வச்சேன்."

"புண்ணாக்கை வயல்ல போட்டியா?"

"ரசீதைத்தானே வைக்கச் சொன்னாங்க?"

சடையாண்டிக்கு முதுகு முள் அத்தனையும் நட்டுக்கொண்டது. வளைக்குள் நுழையப் போனபோது அதன் மனைவி சிலம்பாயி, "அங்கேயே நில்லுங்க. கோபம் அடங்கி முள்ளு படிஞ்ச பிறகு வாங்க. போன தடவை சுவரெல்லாம் கீறிட்டீங்க" என்றது.

எட்டு நாளில் காகிதம் வராவிட்டால் களத்துச் சோளம் முழுக்க வண்டுக்குத்தான். மறுநாள் விடிந்ததும் சடையாண்டி சான்றிதழ் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றது. முன்னால் நின்ற ஆமை, "நான் போன வருஷத்துலேருந்து நிக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னது.

அங்கே அதிகாரி ஓர் உடும்பு. எந்தக் காகிதத்தைப் பிடித்தாலும் விடாது என்பதால் அந்த வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

"உரம், மருந்து வாங்கின ரசீது எங்கே?"

"எதுவும் வாங்கலீங்க சார். சாணி யானை போட்டது. விதை என் வீட்டுது."

"அப்போ வாங்கலேன்னு கடையில ரசீது வாங்கிட்டு வா."

சடையாண்டி நரி கடைக்கு ஓடியது. நரி பேனாவைத் திறந்துகொண்டு, "வாங்காதது எத்தனை மூட்டை?" என்று கேட்டது. பத்து மூட்டை வாங்கவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது.

இனிப் படிவம் நிரப்ப வேண்டும். அலுவலகத்துக்கு எதிர் மரத்தில் ஒரு மரங்கொத்தி டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு முக்கியத் தொழில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். அந்தக் காட்டுப் புலி சுறுசுறுப்பான புலி. அதனால் தொழில் நன்றாக நடந்தது.

"பதினாலாவது கேள்வி. இயற்கைக்கு மாறிய நாள்?"

"நான் எங்கே மாறினேன்? அப்படியேதான் இருக்கேன்."

"ஏதாவது ஒரு நாளைச் சொல்லும்வே."

"தை மூணு போடுங்க. ஆனா மாறினேன்னு போட்டா கட்சி மாறின மாதிரி இருக்கு. கொஞ்சம் கௌரவமா எழுதக் கூடாதா?"

மரங்கொத்தியின் கண் பளபளத்தது. "கௌரவத்தை எனக்கா சொல்லித் தர்றீர்? கேளும். 'தை மூன்றாம் நாள் இயற்கை எய்தினார்.' எப்படி?"

"அடடா! எங்கப்பாவுக்குக்கூட இப்படித்தான் போட்டிருந்துச்சு" என்று பூரித்துப்போனது சடையாண்டி.

உடும்பு அந்த ஒரு வரியை மட்டும் படித்தது. படிவத்தைப் பக்கத்துப் பொந்துக்குத் தள்ளிவிட்டது. பக்கத்துப் பொந்து இறப்புப் பதிவுப் பிரிவு. அந்த அலுவலகத்திலேயே வேலை நடக்கிற பிரிவு அது ஒன்றுதான். மூன்றே நாளில் கருப்புக் கரை போட்ட சான்றிதழ் வீடு தேடி வந்தது.

சடையாண்டி எழுத்துக் கூட்டி, "இயற்கை எய்தியது உறுதி செய்யப்படுகிறது" என்று படித்துவிட்டுக் களத்தைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டது. சிலம்பாயி வாங்கி முழுசாகப் படித்தது.

"ஏங்க, இதுல நீங்க செத்துப்போயிட்டீங்க."

"இயற்கையாத்தானே?"

"இயற்கையாத்தான்."

"அப்புறம் என்ன?"

அப்புறம்தான் அதற்கு உறைத்தது. அதற்குள் கொம்பையா மாலையோடு வந்துவிட்டது. சடையாண்டியின் முள்ளைப் பார்த்து மாலையைத் தரையில் வைத்துவிட்டு, "நல்ல ஆத்மா அண்ணாச்சி நீங்க" என்று சடையாண்டியிடமே துக்கம் விசாரித்தது. "கவலைப்படாமப் போய்ட்டு வாங்க. வயலை நான் பாத்துக்கிடுதேன்."

சடையாண்டி அலுவலகத்துக்கு விழுந்தடித்து ஓடியது.

"திருத்தலாம். மூணு வருஷம் ஆகும்" என்றது உடும்பு.

"பட்சிக நாளைக்குக் காலையில பறக்குது சார்!"

"செத்தவங்க அவசரப்படக் கூடாது."

வீடு திரும்பியதும் சிலம்பாயி ஒன்றே ஒன்று சொன்னது: "பேசாம செத்துருங்க. நான் வித்துக்கிடுதேன்."

மறுநாள் காலை சடையாண்டி சோளக் குவியலுக்குள் புகுந்து மூச்சடக்கிப் படுத்துக்கொண்டது. தலைவிப் பட்சி சான்றிதழை இரண்டு தடவை படித்தது.

"விளைவிச்சவர் தை மூணுல போயிட்டாரா? போன வாரம் எங்கிட்ட பேசினாரே... சரி, பேப்பர் சொன்னா சரிதான்."

"ஆமா" என்று சிலம்பாயி மூக்கை உறிஞ்சியது.

"அப்போ மருந்து வாங்க ஆளில்ல."

"இல்ல."

"அடிக்கவும் ஆளில்ல!"

"அவரே இல்லையே தாயி."

பட்சிக் கூட்டம் முழுக்கச் சிறகடித்துக் கூவியது. "விவசாயி கையே படாத சோளம்! கொம்பையா சோளத்துக்குப் பேசினதுல ஒன்றரை மடங்கு விலை! எங்க ஊர்ல இதுக்கு உயிரை விடுவாங்க!"

ஒன்றரை மடங்கு என்று கேட்டதும் குவியலுக்குள் இருந்த சடையாண்டிக்குச் சந்தோஷத்தில் முள் நட்டுக்கொண்டது. சோளத்துக்கு மேலே நாற்பது ஐம்பது முள் விறைத்துக்கொண்டு வெளியே வந்தன.

பட்சி ஒரு எட்டுப் பின்வாங்கியது. "இது என்ன குச்சி?"

"ஊதுபத்தி" என்றது சிலம்பாயி. "அவருக்கு ஏத்தினது."

"இவ்வளவா?"

"பாசம்."

பட்சிகள் ஒரு நிமிஷம் தலைகுனிந்து மௌனமாக நின்றன. அப்புறம் ஊதுபத்தியைச் சுற்றி மரியாதையாக ஒரு முறம் சோளத்தை விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் வாரிக்கொண்டு பறந்தன.

அன்று மத்தியானமே கொம்பையா மரங்கொத்தியிடம் நின்றது. "எனக்கும் எய்திக் குடும்வே. பழைய தேதியாப் பாத்துப் போடும்." அடுத்த அறுவடைக்குள் அந்தக் காட்டில் உயிரோடு ஒரு விவசாயி பாக்கியில்லை. புலிக்கே தன்மேல் சந்தேகம் வந்து, இரவெல்லாம் எதையெல்லாம் தின்றோம் என்று யோசித்தது.

இத்தனை பேர் செத்தும் விளைச்சல் குறையாததைக் கண்டு உடும்பு புதுச் சட்டம் போட்டது. இயற்கை எய்தியவர்கள் ஆண்டுதோறும் நேரில் வந்து, இன்னமும் எய்திய நிலையிலேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

வரிசையில் முதலாவதாகச் சடையாண்டி நின்றது. உடும்பு ஏற இறங்கப் பார்த்தது.

"போன வருஷத்துக்கு இப்போ உடம்பு கொஞ்சம் தேறியிருக்கே?"

"சாவு ஒத்துக்கிச்சு சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டது சடையாண்டி.

நீதி: விளைகிறவரை உயிரோடு இருங்கள், விற்கிற நேரத்தில் அதை வெளியே காட்டிக்கொள்ளாதீர்கள்.