ஆண்டு விழா அன்னைக்கு வந்த அரிப்பு

காலையில எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தொவைச்ச துணிய மாடியில காயப்போடணும்.

பெரம்பலூர் வெயில் தெரியுமில்ல? காலையிலயே மாடித் தரை தோசைக்கல்லு. எவன் ஏறுவான்! பின்னாடி முருங்க மரத்துல தாழ்வா ஒரு கெளை. அதுலயே வரிசையா போட்டுட்டேன். பொண்ணு யாழினியோட டான்ஸ் பாவாடை, சட்டை, என் துண்டு, எல்லாம்.

என் மூளைய நானே மெச்சிக்கிட்டேன்!

அன்னைக்குச் சாயங்காலம் யாழினிக்கு ஸ்கூல் ஆண்டு விழா. ரெண்டாங்கிளாஸ். மொத வரிசையில நடுவுல அவதான். கொஞ்ச நாளா வூட்டுல அவ ஆடாத எடமில்ல.

மதியம் பாவாடை சட்டையப் போட்டுப் பாத்தா. கொஞ்ச நேரத்துல, "அப்பா, அரிக்குதுப்பா!"

கழுத்து, முதுகு, கையெல்லாம் செவப்பு செவப்பா தடிப்பு.

போன்ல தேடினேன். மொதல்ல வேர்க்குருன்னு வந்துச்சு. அப்புறம் தட்டம்மை. இன்னும் கீழ போனா வாயில நொழையாத பேரெல்லாம் வருது. போனை வெச்சுட்டு விபூதி பூசிவிட்டேன்.

என் மனைவி கவிதா, அரியலூர்ல இருக்கற அவ அம்மாவுக்கு வீடியோ கால் போட்டா.

"மாப்ள, இது அம்மைதான். ஆத்தா வந்திருக்கா. வாசல்ல வேப்பிலை சொருகுங்க. தாளிக்காதீங்க. புள்ளைய வெளிய அனுப்பாதீங்க. இந்தா, நான் பஸ் ஏறிட்டேன்!"

"அப்ப என் டான்ஸு?"ன்னு யாழினி கேட்டா பாருங்க. அழல, ஒதட்டக் கடிச்சுக்கிட்டு நின்னா.

"எதுவா இருந்தாலும் டாக்டர் சொல்லட்டும், கெளம்புங்க"ன்னு பைக்க எடுத்தேன். வேர்வை தொடைக்கத் துண்டையும் தோள்ல போட்டுக்கிட்டேன்.

பாதி வழியில எனக்கும் கழுத்து, மூஞ்சியெல்லாம் ஊறல்.

"ஐயையோ கவிதா, எனக்கும் தொத்திருச்சுடி!"

டாக்டரம்மா யாழினியத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"காய்ச்சல் இல்ல, கொப்புளமும் இல்ல. துணி பட்ட எடத்துல மட்டும்தான் தடிச்சிருக்கு. இந்தச் சட்டைய எங்க காயப்போட்டீங்க?"

கவிதா முந்திக்கிட்டா. "மாடியிலதாங்க டாக்டர்."

நான் செவுத்துல இருந்த குழந்தை படத்தப் பாத்தேன்.

"என்னங்க?"ன்னா கவிதா.

"முருங்க மரத்துல..."

"கம்பளிப்பூச்சி சார்! அதோட முடி துணியில ஒட்டியிருக்கு."

நர்ஸ் பிளாஸ்திரிய ஒட்டி ஒட்டி உரிச்சு அந்த முடிய எடுத்தாங்க. நல்லா சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ரோஸ் கலர் லோஷன் தடவினாங்க.

"டாக்டர், நான் ஆடலாமா?"

"வேற துணி போட்டுக்கிட்டு தாராளமா ஆடுடா கண்ணு. சார், நீங்க அந்தத் துண்ட மொதல்ல தூரப் போடுங்க!"

மிச்ச லோஷன் என் மூஞ்சிக்கு.

சாயங்காலம், தீவாளிக்கு எடுத்த பட்டுப்பாவாடையில என் பொண்ணு ஆடினா பாருங்க! கண்ணு கலங்கிருச்சுங்க. மாமியார் கொண்டாந்த வேப்பிலையும் வீணாகல. அதால கழுத்த நீவிக்கிட்டேதான் மொத வரிசையில உக்காந்து பாத்தேன்.

அப்பத்தான் ஒரு டீச்சர் ஓடி வந்தாங்க.

"சார், மேக்கப் போட்டவங்கல்லாம் மேடைக்குப் பின்னாடி நிக்கணும்!"