வெல்வெட் நீர்யானைக்கு நான் எழுதிய பலகை

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். தங்கள் மகளைப் பற்றி ஒரு முறையீடு. பதற வேண்டாம், பெரும்பகுதி பாராட்டுதான்.

பிராணிகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் எதையும் உள்ள பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாம்பு என்றால் 'நோப் ரோப்', அதாவது வேண்டவே வேண்டாத கயிறு. பூனையின் பாதம் கொலைகாரக் கையுறை. இங்கிலீஷ் பேசுகிறவர்கள் விளையாட்டாக வைத்த பேர்களாம். காலமெல்லாம் மின்வாரியத்தில் அபாயப் பலகை எழுதியவனுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?

அங்கே குக்கர் மாதிரி தலையோடு ஒரு நாய். இந்த வாரத்துக்குள் யாரும் வளர்க்க எடுக்காவிட்டால் ஊருக்கு வெளியே உள்ள கொட்டிலுக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே போனதை யாரும் எடுப்பதில்லையாம். அவளுக்குச் சோறே இறங்கவில்லை. என் கையெழுத்து அழகு என்று சொல்லி, கூண்டுக்குப் பலகை கேட்டாள். நானும் சிவப்பு மையில் 'ஆண் நாய். தாடை பலமானது. தள்ளி நிற்கவும்' என்று எழுதி, பழக்கதோஷத்தில் கீழே ஒரு மண்டையோடும் வரைந்துவிட்டேன். வந்தவங்க எல்லாரும் தள்ளித்தான் நின்னாங்க. பாவம், அது வாலை ஆட்டி ஆட்டி ஓய்ந்து, மூலையில் போய்ப் படுத்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, உங்க பொண்ணு என்னை ஒரு வார்த்தை திட்டல. பலகையைத் துடைத்துவிட்டு 'வெல்வெட் நீர்யானை. சோபாவில் பாதி கேட்கும்' என்று எழுதினாள். இந்த மாதிரி மண்டை பெருத்த நாய்க்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பேராம்.

"சிரிச்சா பக்கத்துல வருவாங்க மாமா" என்றாள்.

வந்தார்கள். ஒரு தையல்கார அம்மா சிரித்தபடியே கம்பிக்குள் கையை விட்டு, அதன் காதைத் தடவி, வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத்தான் உங்கள் மகள் வயிறாரச் சாப்பிட்டாள். இப்படிப்பட்ட பெண்ணை எங்களுக்குக் கொடுத்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது?

ஆனாலும் நாய் நாய்தான். அந்தப் பேரெல்லாம் என் வாயில் வராது. எந்தப் பிராணியும் இந்த வீட்டில் கால் வைக்கக் கூடாது. இதைத் தாங்கள் அவளிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

அன்புடன்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் தையல்கார அம்மா நம்ம நீர்யானையைக் காப்பகத்துக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். சோபாவில் உட்கார அவருக்கே இடமில்லையாம். பலகையில் பிழை இருந்தால் எனக்குப் பொறுக்காது. 'பாதி' என்பதை 'முழுவதும்' என்று திருத்தி, நம் வீட்டு வாசலிலேயே மாட்டிவிட்டேன். இனி அவளிடம் ஒன்றும் அழுத்திச் சொல்ல வேண்டாம். தாங்கள் வரும்போது நல்ல நாற்காலியாகப் போடுகிறோம்.