டோலெஃப்சன் வீட்டுக் கதகதப்பு

தேவாலயத்தைச் சூடாக்கும் பாய்லர் படுத்துவிட்டது என்று பாஸ்டர் கரோலின் போனில் சொன்னபோது, ஆர்விட் டோலெஃப்சனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நவம்பர் மாதக் கடைசி. மின்னசோட்டாவின் வடகோடியில் ஏரி உறைய ஆரம்பித்து, அதன் மேல் வண்டியை இறக்கலாமா கூடாதா என்று ஆண்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்த வாரம். செவ்வாய்க்கிழமைதோறும் தேவாலயத்தில் கூடி இல்லாதவர்களுக்குப் போர்வை தைக்கும் பெண்களுக்கு இப்போது உட்கார இடமில்லை. பாய்லருக்கு ஒரு பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டுமாம். ஒரே ஒரு தடவை யார் வீட்டிலாவது வைத்துக்கொள்ளலாமா என்று பாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதுக்கு எதுக்கு பாஸ்டர் தயக்கம்? எங்க வீட்டை விட்டா இந்த ஊர்ல கதகதப்பான வீடு எது இருக்கு?" என்றார் ஆர்விட்.

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். மாவிஸ் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "உன் இஷ்டம்" என்றாள்.

அந்தக் கோடையில்தான் ஆர்விட் வீட்டுச் சுவர்களுக்குள்ளும் கூரையின் அடிப்பக்கம் முழுவதும் ஸ்ப்ரே ஃபோம் என்கிற நுரையை அடித்திருந்தார். வேலைக்காலம் முழுக்க அரசாங்கத்தின் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். வெளியே குளிரோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஜன்னல் இடுக்கிலும் மின்சாரப் பிளக்கின் துவாரத்திலும் அதே குளிர் வந்து உட்கார்ந்திருக்கும். ஓய்வு பெற்றதும் செய்த முதல் காரியம் இதுதான்.

செய்தது ஒரு பங்கு, சொன்னது ஒன்பது பங்கு. குழாயில் தண்ணீராக வருகிற நுரை, சுவரில் பட்டதும் புளித்த மாவு மாதிரி உப்பி இண்டு இடுக்கையெல்லாம் அடைத்துக்கொள்ளும் அழகைப் பெட்ரோல் பங்கில் விளக்கினார், முடிவெட்டும் கடையில் விளக்கினார். பஞ்சு வைத்த சுவர் போல நாளாவட்டத்தில் சரிந்து இறங்காது. எலி கூடு கட்டாது. ஈரம் ஏறாது. கூரை விளிம்பில் பனிக்கட்டி அணை கட்டி நிற்காது. காற்றின் ஊளைகூட உள்ளே கேட்காது. வீடு இருக்கிற வரைக்கும் நுரையும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரை அடக்கம் செய்த அன்று சவப்பெட்டியின் மூடியைத் தடவிப் பார்த்து, "இதுல காத்துப் புகுமே" என்று சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை தையல் மெஷின்களோடு பெண்கள் வந்தார்கள். ஆர்விட் அவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்து நுரையின் மகிமையைச் சொன்னார். கூட்டத்துக்குத் தலைவியான ஹில்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோட்டைக் கழற்றினாள், ஸ்வெட்டரைக் கழற்றினாள், கடைசியில் காலுறையையும் கழற்றி ரேடியேட்டர் மேல் போட்டாள். தேவாலயத்தில் கையுறையோடு ஊசி கோத்த கைகள் அவை. அன்று ஒரு மாதத்துப் போர்வையை ஒரே மதியத்தில் தைத்து முடித்தார்கள்.

செய்தி பரவியது. பாகம் இன்னும் வரவில்லை என்று தெரிந்ததும் பாடகர் குழு, வியாழக்கிழமை பயிற்சிக்கு வரலாமா என்று கேட்டது. அப்புறம் ஆண்களின் வேதபாட வகுப்பு. அப்புறம், முதியவர்களுக்காக மட்டும் என்ற பீடிகையோடு, ஞாயிறு ஆராதனையே வந்து சேர்ந்தது. சாப்பாட்டு அறையில் கீபோர்டு ஏறியது. ஆர்விட்டின் சாய்வு நாற்காலியைத் தூக்கிச் சலவை அறையில் போட்டார்கள். மதியத் தூக்கம் போனது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். நுரையைப் பற்றி அவர் வாயெடுத்தால், "அதான் சொல்லிட்டியே ஆர்விட், கொஞ்சம் நகரு, துணி விரிக்கணும்" என்று ஹில்டர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாவிஸோ பத்து வயது குறைந்தவள் போல வளைய வந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் காபி, ஒரு பக்கம் சிரிப்பு. அவளிடம் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆகவே, யாருக்கும் தெரியாமல் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்தார். குளிர் தாங்காமல் தானாக ஓடிவிடுவார்கள் என்பது கணக்கு. வீடு அசைந்து கொடுக்கவில்லை. மறுநாள் காலை எழுந்ததுமே சூட்டை அடியோடு நிறுத்தினார். மாலையில் பாடகர் குழு வந்தது. அத்தனை பேரின் மூச்சும் உடம்புச் சூடும் போக வழியில்லாமல் உள்ளேயே சுற்ற, கட்டைக் குரல்காரர் ஒருவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டார். நிறுத்தி வைத்தது எப்படியோ பாஸ்டருக்குத் தெரிந்துபோய், சூட்டடுப்பே எரியாமல் சபையை அனலாக வைத்திருக்கும் இல்லம் என்று ஞாயிறு பிரசங்கத்தில் சேர்த்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வர ஆரம்பித்தார்கள்.

அடுத்தபடி, பரணுக்குப் போகும் மூடியைத் திறந்து வைத்தார். மேலிருந்து குளிர் இறங்கும் என்று நினைத்தவர், கூரையின் அடியிலும் தானே நுரை அடித்ததை மறந்துபோனார். பரணும் கூடத்தைப் போலவே கதகதப்பாக இருந்தது. மூடி திறந்திருந்ததால்தான் அப்படி ஓர் இடம் இருப்பதே தெரிந்தது. மறு ஞாயிறு பிள்ளைகளின் பைபிள் வகுப்பு பரணுக்குக் குடியேறியது. ஆர்விட்டின் தலைக்கு மேல் நோவாவின் மிருகங்கள் எல்லாம் ஓடின.

கடைசி அஸ்திரம் ஒன்று இருந்தது. இப்படி இறுக அடைத்த வீட்டுக்குள் பழைய காற்றை வெளியே தள்ளிப் புதுக்காற்றை இழுக்க, அடித்தளத்தில் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தார். புழுக்கத்தில் ஓடட்டும் என்று. புழுங்கத்தான் செய்தது, ஜன்னலெல்லாம் வியர்த்தது. ஆனால் காலையில் மாவிஸ் சுட்ட இலவங்கப்பட்டை ரொட்டியின் வாசனை எங்கும் போகாமல் அப்படியே நின்றது. வேதபாடத்துக்கு வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்தார்கள். பாடம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரமும் தாண்டியது.

அப்போதுதான் ஹில்டருக்கு அந்த யோசனை வந்தது.

"இந்த வருஷ லூட்டஃபிஸ்க் விருந்தை இங்கயே வெச்சுக்கலாமே. என்ன சொல்றே மாவிஸ்?"

ஆர்விட்டுக்குக் காபி புரையேறியது. சாம்பல் காரத்தில் ஊறிக் கூழாகும் உலர்மீன் அது. அவருக்கும் பிடிக்கும், வருஷத்தில் ஒரு நாள், அடுத்தவர் கட்டடத்தில். ஊர் முழுக்கத் திரண்டு வந்து தின்னும் அந்த மீனின் வாடை, பழைய ஓட்டை வீடாக இருந்தால் விடிவதற்குள் கனடாவுக்குப் போயிருக்கும். இந்த வீட்டில் ஈஸ்டர் வரைக்கும் குடியிருக்கும். அதற்கு அப்புறமும் போகுமா என்பது நிச்சயமில்லை.

"தாராளமா" என்றாள் மாவிஸ்.

ஆர்விட் கோட்டை மாட்டிக்கொண்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகத் தேவாலயத்துக்கு வண்டியை விட்டார். அந்தப் பாகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, தானே போய்க் கொண்டுவந்து தன் கையாலேயே மாட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

அடித்தளத்துப் பாய்லர் அறையில், அந்தப் பகுதிக்கே பாய்லர் பழுது பார்க்கும் வெர்லின், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். ஆர்விட்டையும் அவர் கையிலிருந்த பெட்டியையும் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"எந்தப் பாகம் வெர்லின்? பேரைச் சொல்லுங்க. நான் இப்பவே கிளம்பறேன்."

வெர்லின் பாய்லரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பாகத்தின் பேர் சட்டென்று ஞாபகம் வரவில்லை என்றார். ஆர்விட் அவரை ஒதுக்கிவிட்டுப் பாய்லரின் முன்மூடியைக் கழற்றினார். உள்ளே சின்னதாக, நீலமாக, நிதானமாக ஒரு தீ எரிந்துகொண்டிருந்தது.

"எரியுதே" என்றார் ஆர்விட்.

"குழாய்த் தண்ணி உறையாம இருக்கட்டும்னு அந்த அளவுக்கு வெச்சிருக்கேன்."

"அப்போ பழுது?"

வெர்லின் மீதி சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பழுதெல்லாம் ஒண்ணுமில்ல ஆர்விட். நாலு பேர் வீட்டுக்கு வந்து போகட்டும்னு உங்க மாவிஸ்தான் குறைச்சு வைக்கச் சொன்னாங்க. இப்ப வீட்டுக்குள்ள காத்து, மழை, எலி எந்தச் சத்தமும் கேக்கலையாம். ஒரே ஒரு குரல்தான் காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்குதாம், அதை அடைக்கிற ஃபோம் மட்டும் இன்னும் யாரும் கண்டுபிடிக்கலைன்னு சொன்னாங்க."