கம்பவுண்டரின் இலைக்கு நான் அடித்த மருந்து

ஒரு வாட்டர் கலர் படத்தைப் பார்த்து, தோட்டத்துக்கு நோய் வந்துவிட்டதென்று நம்பி, திராட்சைப் பந்தல் முழுக்க மருந்தடித்த ஒரே விவசாயி கம்பம் பள்ளத்தாக்கில் நான்தான். வரைந்தவர் கம்பவுண்டர்.

சுருளிப்பட்டியில் மாட்டுக்கு மரியாதையும் மனிதனுக்கு ஒருமையும் கொடுத்தவர் அவர் ஒருவரே. கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில், “செத்த பொறுங்க தாயி, எறும்பு கடிச்ச மாதிரிதேன் இருக்கும்” என்று பசுவிடம் கெஞ்சுவார். அதே மூச்சில் என்னிடம், “ஏலே, வாலைப் பிடிடா, வேடிக்கை பாக்கவா வந்த?” என்பார். ஊசி போட்டு, பையை மூடி, அவர் சைக்கிளில் ஏறிய பிறகுதான் மாடு திரும்பிப் பார்க்கும். அப்படி ஒரு கை.

ஓய்வு பெற்றதும் என் தோட்டத்துக்கு அடுத்தாற்போல் பந்தல் போட்டார். கொஞ்ச நாளாகக் காலையில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார். டீக்கடைக்கும் வருவதில்லை. புதையல் தோண்டுகிறார் என்று ஊரில் அவிழ்த்துவிட்டவனும் நானே.

போன மாதம் ஒரு விடியலில், திராட்சை விவசாயிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் ஒரு படம் போட்டிருந்தார். ஒற்றைத் திராட்சை இலை, மேலெல்லாம் பழுப்புத் திட்டு. கூட ஒரு வார்த்தை இல்லை. அடிச்சாம்பல் நோயேதான் என்று முடிவு கட்டினேன். அவர் பந்தலுக்கு வந்தால் அடுத்தது என் பந்தல். மத்தியானம் பழம் வெட்ட கேரளா வியாபாரி வேறு வருகிறார். கண்ணாடியைத் தேடவில்லை, பல் விளக்கவில்லை, ஸ்பிரேயரைத் தூக்கிவிட்டேன்.

வியாபாரி வந்தார், மோந்து பார்த்தார், “சேட்டா, இது வேண்டா” என்று லாரியைத் திருப்பினார்.

அதன்பிறகுதான் என் மனைவி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி, “ஏங்க, இலைக்குப் பக்கத்துல பென்சில் கெடக்கு” என்றாள்.

டீக்கடையில் இருந்த நாலு பேரைத் திரட்டிக்கொண்டு கம்பவுண்டர் வீட்டுக்குள் புகுந்தேன். துணி காயப்போடும் கொடி முழுக்கக் காகிதங்கள் காய்ந்தன. சேலைக்கரை மாதிரி வரிசை வரிசையாக இலை, அலை, கொடி. மகளுக்கு அனுப்பியது தவறிப்போய் குரூப்புக்கு வந்துவிட்டதாம். அத்தோடு திரும்பியிருக்கலாம். லாரி போன எரிச்சல் விடவில்லை.

“இலையை வரைங்க. நோவை எதுக்கு வரைஞ்சீக? என்னையப் பதற வச்சு வேடிக்கை பாக்கவா?”

“வரையலடா. விழுந்துருச்சு.”

“அதெப்படி விழும்? எங்க, இங்கனயே வரைஞ்சு காட்டுங்க.”

அவர் என்னைத் திட்டவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிரஷ்ஷைப் பச்சையில் தோய்த்து அழுத்தினார்; அழகாக ஓர் இலை விரிந்தது. நரம்பு போடப் பழுப்பைத் தொட்டுத் தூக்கியதும் கை ஆடத் தொடங்கியது. இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நிற்கவில்லை. ஈர இலைமேல் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. பழுப்புத் திட்டாகப் பரவின. கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே நிஜமாகவே ஏதோ இருப்பது போல வெகுநேரம் பார்த்தேன்.

“கைக்கு வேலை குடுக்கச் சொன்னாக டாக்டரு,” என்றார், தலை நிமிராமல். “ஏலே, பேப்பரு நகருது. பிடிடா, வேடிக்கை பாக்கவா வந்த?”

பிடித்தேன். இப்போதும் தினம் காலையில் போய்ப் பிடிக்கிறேன்.

அந்த இலையில் நோய் இல்லை. கம்பவுண்டருக்குக் கை நடுங்குகிறது. நடந்தது அவ்வளவுதான்.