பென்னிகுக் பேரில் ஒரு தகடு

எண்பத்திரண்டில் மழை ஏமாற்றிய பிறகு, எங்கள் போடியில் திரும்பிய பக்கமெல்லாம் பென்னிகுக் துரைதான். பெரியாற்றில் அணை கட்டியவருக்கு நன்றி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பேரை வைத்தால் தண்ணீர் ஊறும் என்று, கிணற்றுக்கு இடம் பார்த்துச் சொல்லும் சுருளிச்சாமி சொல்லியிருந்தார். பென்னிகுக் சலூன் வந்தது. பென்னிகுக் புரோட்டா ஸ்டால் வந்தது. குரங்கணிக்கு லோடு ஏற்றும் ஜீப்பின் நெற்றியிலும் அவர் பேர். பக்கத்து வீட்டு ராக்கையா எருமைக் கன்றுக்கே அதை வைத்தார். பிறந்தது கிடேரி, துரை கோபித்துக்கொள்ளவில்லை.

"கம்பத்துக்குத் தண்ணி குடுத்த துரை போடிய மறந்துட்டாரு. அந்தக் குறை தாளாம ஆவியா அலையிறாரு. எங்கிட்டத்தான் பேசுறாரு" என்பார் சாமி.

எந்தப் பாஷையில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தொழில் இதுதான். துரை பேர் வெட்டிய செப்புத் தகடு ஒன்றைத் தருவார். காட்டுக்காரர் முதல்நாளே அதைத் தன் நிலத்தில் சாமிக்குத் தெரியாமல் புதைத்துவைக்க வேண்டும். பேர் கிடக்கும் இடத்துக்குத் துரை ராவோடு ராவாகத் தண்ணீரைக் கொண்டுவந்துவிடுவாராம். மறுநாள் சாமி உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். தகட்டுக்கு மேலே வந்ததும் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே கிணறு வெட்டலாம், தட்சணையைக் கொடுத்துவிட்டு. வெட்டியும் தண்ணீர் வராவிட்டால்? வீட்டில் தீட்டு என்பார்.

ராசிங்காபுரத்து வேலுத்தாயிடம் கேட்ட தட்சணை, அவளுடைய கறவைப் பசு. புருசன் போன பிறகு அவள் பிள்ளைகளுக்கு அந்தப் பால்தான் சோறு.

ஊரே அவள் காட்டில் கூடியது. நான் போகாமல் இருப்பேனா? குழம்பை இறக்கிவைத்துவிட்டு பஸ்சைப் பிடித்தேன். மாட்டுத் தரகன் பால்பாண்டி கயிற்றோடு நின்றான். வேலுத்தாய் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினாள்.

"அழுவாத ஆத்தா. அணைக்குப் பணம் பத்தலைன்னு துரை தன் சொத்தையே வித்தாரும்பாகள்ல? நீ ஒத்த மாட்டக் குடுக்க யோசிக்கிறயே!" என்றார் சாமி.

"அவரு வித்தது அவரு சொத்த. அடுத்தவ மாட்டயா ஓட்டிட்டுப் போனாரு?"

கேட்டவள் வேலுத்தாயின் நாத்தனார் பொன்னுமணி. பணியாரக் கடைக்காரி. கல்லும் வாயும் ஒன்றுபோலக் காயும்.

"சும்மா கெட பொன்னு, சாமி குத்தமாயிரும்!" என்றாள் வேலுத்தாய்.

"இல்ல மதினி, நடக்கட்டும். தகட்டப் பொதைக்கப் போனவளே நான்தான?"

சாமி நடந்தார். கூட்டத்தைச் சுற்றினார், பொன்னுமணியை உரசிக்கொண்டு போனார். தேங்காய் படுத்தே கிடந்தது. புதிதாய்க் கிளறிய மண் ஓரிடத்தில் அவர் கண்ணில் பட்டது. விரல் லேசாய் மடங்கியது. தேங்காய் விசுக்கென்று நிமிர்ந்தது.

"துரை பேரு இழுக்குது! பென்னிகுக்கு! பென்னிகுக்கு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பால்பாண்டியண்ணே, கயித்தப் போட்டுட்டு மம்பட்டிய எடு" என்றாள் பொன்னுமணி.

வெட்டினான். தகரம் ஒன்று வந்தது. மண்ணைத் துடைத்து எழுத்துக் கூட்டினான்: "டால்… டா."

கூட்டத்துக்கு மூச்சு நின்றது. சாமிக்கு நிற்கவில்லை. "துரை எந்தத் தகட்டுலயும் எறங்குவாரு!"

"அப்ப இதுல ஏன் எறங்கல?" பொன்னுமணி மடியை அவிழ்த்துச் செப்புத் தகட்டை எடுத்து நீட்டினாள். "தொரை பேரு நேத்துலருந்து என் மடியிலதான் கெடக்கு. என்னையச் சுத்திச் சுத்தி வந்தீகளே சாமி, தேங்கா தூங்கிருச்சா?"

முதலில் சிரித்தவன் பால்பாண்டி. "அவசரமா ஒரு சோலி இருக்கு" என்று சாமி தேவாரம் பஸ்சுக்கு ஓடினார். வேலுத்தாய் யாரையும் பார்க்காமல் பசுவை வீட்டுக்கு ஓட்டினாள்.

ஊர் ஊர்தானே! ஒருவர் என் காதருகே வந்து கேட்டார்: "அப்ப, டால்டாவுக்கு அடியில தண்ணி இருக்குமோ?"

அந்தத் துரை மலையை அளந்து, கணக்குப் போட்டு அணை கட்டினார். தேங்காயைக் கேட்டுக் கட்டவில்லை. அவர் பேரை இரவல் வாங்கத் துடித்த நமக்கு, சொந்தமாக ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை. கேள்விக்குத் தட்சணை கிடையாது ஐயா, தாராளமாகக் கேளுங்கள்.